வீட்டுத்தோட்டத்தில் கேல் கீரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல பருவங்களாகக் கேல் வளர்த்து வருகிறேன். தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களும் புதிதாகத் தொடங்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இலை கசக்கிறது, செடி வாடுகிறது, எல்லாம் ஓட்டையாகிவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் போய் முடிகின்றன. ஒன்று, விதைத்த காலம் சரியில்லை. இல்லையென்றால், இலையின் அடிப்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அதனால் அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

கேல் என்பது கீரையா, முட்டைக்கோஸா?

இரண்டும்தான். நாம் கீரையாகச் சாப்பிடுகிறோம், ஆனால் தாவரக் குடும்பத்தில் அது முட்டைக்கோஸின் கூடப்பிறந்தது. முட்டைக்கோஸ், காலிபிளவர், ப்ராக்கோலி, நூல்கோல், கேல் எல்லாமே பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனம். ஒரே காட்டுச்செடியிலிருந்து மனிதர்கள் பூவுக்காகத் தேர்ந்தெடுத்தது காலிபிளவர் ஆனது, தண்டுக்காகத் தேர்ந்தெடுத்தது நூல்கோல் ஆனது, இலைக்காகத் தேர்ந்தெடுத்தது கேல் ஆனது. முட்டைக்கோஸைப் போல இதன் இலைகள் உருண்டையாக மூடிக்கொள்வதில்லை. கேல் அடங்கும் பிரிவுக்கு ‘அசெஃபாலா’ என்று பெயர். ‘தலை இல்லாதது’ என்று பொருள்.

தமிழில் பரட்டைக்கீரை என்றும் சொல்கிறார்கள். சுருட்டை இலை வகையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஸ்காட்லாந்தில் வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கே ‘கேல்யார்டு’ என்றுதான் பெயர். அந்த அளவுக்கு அங்கே வீட்டோடு ஒட்டிய செடி இது.

இந்த உறவைத் தெரிந்துகொள்வது வெறும் தகவலுக்காக இல்லை. முட்டைக்கோஸுக்கு வருகிற பூச்சியும் நோயும் கேலுக்கும் வரும். முட்டைக்கோஸ் போட்ட அதே மண்ணில் அடுத்து கேல் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அதுதான்.

எந்த வகை விதையை வாங்கலாம்?

சந்தையில் பெயர்கள் நிறைய இருந்தாலும் வீட்டுக்கு மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

சுருட்டை கேல்: விளிம்பெல்லாம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தச் சுருக்கங்களுக்குள் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி போய் உட்கார்ந்தால் கழுவி எடுப்பது பெரிய வேலை.

லசினாட்டோ: இத்தாலியிலிருந்து வந்தது. டைனோசர் கேல் என்றும் சொல்வார்கள். நீளமான, கருநீலப் பச்சையில், கொப்புளம் கொப்புளமான இலை. வெயிலை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நன்றாகத் தாங்குகிறது, கழுவுவதும் எளிது. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சிவப்பு ரஷ்யன்: தட்டையான, வெட்டு விழுந்த இலை, ஊதா நரம்பு. இலை மிக மென்மையானது, பச்சையாகச் சாப்பிட ஏற்றது. இது பிராசிக்கா நேப்பஸ் என்ற வேறு இனம். விதை எடுக்கும்போது இந்த வேறுபாடு உதவும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்போது விதைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கேல் குளிர்காலச் செடி. பகல் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது அது சந்தோஷமாக வளர்கிறது. 27 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் போனால் இலை தடித்து, நார் கூடி, கசக்கத் தொடங்கும். செடி சாகாது, ஆனால் சாப்பிட மனம் வராது. எனவே ‘எந்த மாதம்’ என்று கேட்பதைவிட, உங்கள் இடத்தில் குளுமையான நாட்கள் எப்போது தொடங்கி எப்போது முடிகின்றன என்று பார்ப்பதுதான் சரியான வழி.

விதையிலிருந்து முழு அறுவடைக்கு ஏறக்குறைய 55 முதல் 65 நாள் ஆகும். அப்புறம் மாதக்கணக்கில் பறித்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பறிப்புக் காலம் முழுவதும் குளுமையான நாட்களில் விழ வேண்டும். ஆகவே வெயில் தணியத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு நான்கைந்து வாரம் முன்பே நிழலில் நாற்று விட்டுவிடுங்கள். நாற்று நடும் அளவுக்கு வளரும்போது வெயிலும் இறங்கியிருக்கும்.

கடும் பனி விழும் ஊர்களில் இரண்டு வாய்ப்பு உண்டு. கடைசி உறைபனிக்கு நான்கைந்து வாரம் முன்பு வீட்டுக்குள் விதைத்து, வசந்தத்தில் நட்டு, கோடை வருவதற்குள் பறிக்கலாம். அல்லது கோடையின் பிற்பகுதியில் விதைத்து, இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும் பறிக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சிறந்தது. வசந்த காலச் செடி நாளுக்கு நாள் ஏறும் வெப்பத்தோடு போராடும். இலையுதிர் காலச் செடிக்கோ நாளுக்கு நாள் சூழல் சாதகமாகிறது, பூச்சியும் குறைகிறது.

நான் முதல்முறை விதைத்தது கோடையின் தொடக்கத்தில். நாற்று அழகாக வந்தது, நட்டதும் நன்றாகத் தளிர்த்தது. இரண்டு மாதத்தில் இலைகள் காகிதம்போல் விறைத்து, எவ்வளவு வேகவைத்தாலும் கசந்தன. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் போட்டேன். அதே விதைப் பொட்டலத்தில் மீதி இருந்ததைக் குளிர் தொடங்கும் நேரத்தில் போட்டபோதுதான் குறை உரத்தில் இல்லை, காலத்தில் இருந்தது என்று புரிந்தது.

ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் இடத்தில் கேல் வளருமா?

வளரும். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்டில் மிகக் குளுமையான மூன்று மாதங்களை இதற்கென்று ஒதுக்குங்கள். காலை வெயில் விழுந்து, பிற்பகலில் நிழல் வரும் இடமாகப் பாருங்கள். அப்படி இடம் இல்லையென்றால் நிழல்வலை கட்டுங்கள். மண்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போட்டால் வேர்ப்பகுதி சூடேறாது.

இன்னொரு வழி, முழுச் செடியாக வளர்க்காமல் இளங்கீரையாகப் பறிப்பது. நெருக்கமாக விதைத்து, 25 முதல் 30 நாளில், இலை உள்ளங்கை நீளம் வந்ததும் வெட்டிவிடலாம். அந்த வயதில் வெயில் காலத்திலும் பெரிதாகக் கசப்பு ஏறியிருக்காது.

உறைபனி விழுந்தால் செடி செத்துவிடுமா?

வேர் பிடித்து நன்றாக வளர்ந்த செடி சாகாது. சுருட்டை வகைகள் மைனஸ் 10 டிகிரி வரைகூடத் தாங்கும். சொல்லப்போனால் பனி பட்ட கேல்தான் ருசி. குளிர் கூடும்போது செடி தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. சர்க்கரை கரைந்த நீர் உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அதாவது தன் செல்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதன் பலன் நமக்கு இனிப்பாகக் கிடைக்கிறது.

விறைத்துப்போன இலையை அப்படியே தொட்டுப் பறிக்காதீர்கள், முறிந்து நசுங்கிவிடும். வெயில் ஏறி இலை இளகிய பிறகு பறிக்கலாம்.

நாற்று விடுவது எப்படி?

குழித்தட்டில் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) நன்கு மக்கிய மண்புழு உரமும் கலந்து நிரப்பி, ஒரு குழிக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் போடுங்கள். விதை கடுகு அளவுதான் இருக்கும். கடுகும் இதே குடும்பம்தான். ஐந்து முதல் எட்டு நாளில் முளைத்துவிடும். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டி விடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து அசையும்.

நாற்றுப் பருவத்தில் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, நாற்று நூல்போல் நீண்டு சாய்வது. அதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. ஜன்னலோரம் வைப்பது பல வீடுகளில் போதாது. முளைத்த நாளிலிருந்தே நல்ல வெளிச்சம் வேண்டும். ஏற்கெனவே நீண்டுவிட்டதா? நடும்போது முதல் இலைகள் வரை மண்ணுக்குள் புதைத்து நடுங்கள், செடி தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது, நேற்றுவரை நன்றாக இருந்த நாற்று இன்று அடித்தண்டு மெலிந்து கவிழ்ந்து கிடப்பது. இது நாற்றழுகல். எப்போதும் ஈரமாகவே இருக்கும் மண்ணில் பூஞ்சை வகைகள் செய்கிற வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. மீதியைக் காப்பாற்ற, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தட்டின் அடியில் தண்ணீர் ஊற்றி உறிஞ்ச விடுங்கள், காற்றோட்டம் கொடுங்கள்.

முளைக்கும்போது வரும் இரண்டு வித்திலைகளைக் கணக்கில் சேர்க்காமல் நான்கைந்து நிஜ இலைகள் வந்ததும், அதாவது நான்கிலிருந்து ஆறு வாரத்தில், நடலாம். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளி வெயிலைப் பழக்குங்கள். நடுவதை மாலையில் செய்யுங்கள்.

எவ்வளவு இடைவெளி?

செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர். நட்ட அன்று இடம் வீணாகக் கிடப்பதுபோல் தெரியும். ஆறு வாரம் பொறுங்கள்.

தொட்டியில் வளர்க்க முடியுமா?

நன்றாகவே முடியும். ஒரு செடிக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமும் 15 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியோ குரோ பேக்கோ போதும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும். மண், மக்கிய உரம், கோகோபீட் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்துகொள்ளலாம்.

தொட்டியில் கவனிக்க வேண்டியது வெப்பம். மொட்டை மாடியில் கறுப்புப் பை வெயிலில் கொதிக்கும், உள்ளே வேரும் வேகும். வெளிர் நிறப் பை எடுங்கள், அல்லது பைகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழச் செய்யுங்கள்.

மண்ணும் உரமும்?

இலைக்காக வளர்க்கும் செடி என்பதால் தழைச்சத்து நிறையக் கேட்கும். நடுவதற்கு முன் நன்கு மக்கிய தொழு உரமோ கம்போஸ்டோ ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். அப்புறம் பறிக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். நாம் இலையை எடுத்துக்கொண்டே இருக்கிறோம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த இலை வரும்.

மண்ணின் கார அமில அளவு (pH) 6 முதல் 7.5 வரை இருக்கலாம். மக்காத பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள். அது வேரைச் சுடும், நோய்க்கிருமியையும் கொண்டுவரும். கீரையைப் பச்சையாகச் சாப்பிடுபவர்கள் வீட்டில் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு?

வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழை பெய்த அளவு. சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று கணக்கு. அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். தொட்டி என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம்.

காய்வதும் நனைவதுமாக மாறி மாறி வந்தால் இலை விறைத்துக் கசக்கும். இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுவது நல்லது. பல இலை நோய்கள் ஈரத்தில்தான் பரவுகின்றன.

இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் இலையைத் திருப்புங்கள். மருந்து எது என்று தேடுவதற்கு முன் யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஓட்டையின் தோற்றத்திலேயே பாதி விடை இருக்கிறது.

பெரிய, ஒழுங்கில்லாத ஓட்டைகளும் இலையில் கரும்பச்சை எச்ச உருண்டைகளும் இருந்தால் அது வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு. தோட்டத்தில் வெள்ளைச் சிறகில் கறுப்புப் புள்ளியோடு மிதந்து வருமே, அதுதான் தாய். முட்டைக்கோஸ் குடும்பத்து இலைகளில் காரநெடி தரும் வேதிப்பொருள்கள் உண்டு. இந்த வண்ணத்துப்பூச்சி தன் கால்களால் அந்தச் சுவையை அறிந்து, சரியான செடிதான் என்று உறுதி செய்துகொண்டு முட்டை இடுகிறது. மற்ற பூச்சிகளை விரட்டுவதற்காகச் செடி தயாரித்த அதே பொருள் இதற்கு முகவரியாகிவிடுகிறது. ஒரு வகை, வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். அதன் புழு வெல்வெட் பச்சை நிறத்தில் நடுநரம்போடு ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்கு எளிதில் படாது. இன்னொரு வகை, மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடும். அதன் புழுக்கள் மஞ்சளும் கறுப்புமாகக் கூட்டமாக மேயும்.

ஓட்டை விழாமல், கண்ணாடி ஜன்னல்போல் மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியிருந்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. சிறியது, விரல் பட்டால் துள்ளி நெளிந்து நூலில் தொங்கும்.

இலை முழுக்கக் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் தெள்ளு வண்டு. பக்கத்தில் போனால் எள்ளளவு கறுப்புப் பூச்சிகள் துள்ளும். பெரிய செடியை இது ஒன்றும் செய்யாது, நாற்றைத்தான் அழிக்கும்.

இப்போது என்ன செய்வது என்பதற்கு வருவோம். சில செடிகள்தான் என்றால் தினமும் காலையில் ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, முட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துவிடுங்கள், புழுவைப் பொறுக்கி எடுங்கள். முட்டை பொரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகிறது. எனவே வாரத்துக்கு இரண்டு முறை பார்த்தாலே பெரும்பாலானவற்றை முட்டையிலேயே பிடித்துவிடலாம். நான் எத்தனையோ தெளிப்புகளை முயன்றிருக்கிறேன், இதைவிடப் பயன் தந்தது ஒன்றும் இல்லை.

அதற்கும் நேரமில்லையென்றால் வலை. கேலில் நாம் பறிப்பது இலை. பூவும் வேண்டாம், தேனீயும் வர வேண்டாம். ஆகவே நட்ட நாளிலிருந்து கடைசிப் பறிப்பு வரை வலைக்குள்ளேயே வைத்திருக்கலாம். வலைக்கண் 0.8 மில்லிமீட்டராக இருந்தால் தெள்ளு வண்டும் நுழையாது. இரண்டு விஷயம் கவனியுங்கள்: வலை இலையைத் தொடக் கூடாது, தொட்டால் வெளியிலிருந்தே முட்டை இட்டுவிடும். அடியில் இடைவெளி இல்லாமல் மண் போட்டு மூட வேண்டும்.

புழு கைமீறிவிட்டால் பி.டி. எனப்படும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இருக்கிறது. இது ஒரு மண் பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுக்களிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. இலையோடு சேர்த்துப் புழு இதைத் தின்றால், அதன் காரத்தன்மை கொண்ட குடலில் பாக்டீரியாவின் புரதம் நச்சாக மாறுகிறது. புழு தின்பதை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் சாகும். தொட்டால் வேலை செய்யாது, தின்ன வேண்டும். எனவே அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். சூரிய ஒளி இதைச் சிதைத்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பதுதான் முறை. பொட்டலத்தில் சொன்ன அளவை மீறாதீர்கள், வாரம் தவறாமல் தெளித்துக்கொண்டும் இருக்காதீர்கள். வயல்வெளியில் பி.டி.யைத் தாங்கப் பழகிய முதல் பூச்சி என்று பதிவானதே இந்த வைரமுதுகு அந்துப்பூச்சிதான்.

ஒரு வேண்டுகோள். புழுவின் உடலுக்குப் பக்கத்தில் அரிசிபோல் சின்னச் சின்ன மஞ்சள் கூடுகள் கொத்தாக இருந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். பலரும் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்து அழிக்கிறார்கள். அது புழுவுக்குள் வளர்ந்து வெளிவந்த ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. உங்கள் வேலையைச் செய்யத்தான் அது வந்திருக்கிறது.

இலைக்கு அடியில் சாம்பல் தூவியதுபோல் கூட்டமாக ஏதோ ஒட்டியிருக்கிறதே?

அசுவினி. கோஸ் குடும்பத்துக்கு வரும் வகையின் உடலில் மெழுகுப் பொடி இருக்கும், அதனால்தான் சாம்பல் நிறம். ஆண் இல்லாமலே பெண் பூச்சி நேரடியாகக் குட்டி போடும் என்பதால் சில வாரங்களில் ஒன்று நூறாகிவிடும். பார்த்த அன்றே நடவடிக்கை எடுங்கள்.

அழுத்தமான தண்ணீர்ப் பீய்ச்சலால் அடித்து விழ வைப்பதுதான் முதல் வேலை. மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். மிகவும் மொய்த்த இலையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கலங்க ஐந்து மில்லி மென்மையான திரவ சோப்பு கலந்து மாலையில் தெளிக்கலாம். சோப்பு இல்லாமல் தெளித்தால் பயனில்லை. கேல் இலையிலும் மெழுகுப் பூச்சு இருக்கிறது, வெறும் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

பொறிவண்டு வந்திருந்தால் தெளிக்காதீர்கள். அதுவும் அதன் முள்முள்ளான குட்டிப் புழுவும் அசுவினியைத் தின்று தீர்க்கும்.

இலை மஞ்சளாகிறது. ஏன்?

எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் ஒன்றிரண்டு முதிர்ந்த இலை மட்டும் என்றால் அது வயது, பறித்துப் போடுங்கள். கீழ் இலைகள் முழுதாக வெளிறி, செடியும் குன்றி நின்றால் தழைச்சத்துக் குறைவு. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் மக்னீசியம் குறைவு. அதே தோற்றம் மேலே தளிரில் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு, மண் காரமாக இருக்கலாம்.

இலை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி, முனை உள்பக்கம் பார்த்த முக்கோணமாக மஞ்சள் பரவி, நரம்பு கறுத்தால் கவலைப்பட வேண்டும். அது கருப்பு அழுகல் என்ற பாக்டீரியா நோய். மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். இது விதை வழியாகவும் வரும். சந்தேகமான விதையை 50 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து எடுத்து, உடனே ஆற்றி உலர்த்தி விதைப்பார்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், சூடு கூடினால் முளைப்பே போய்விடும்.

செடி பகலில் வாடி, இரவில் தெளிகிறது. தண்ணீர் ஊற்றியும் சரியாகவில்லையே?

ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். வேர் விரல் விரலாகத் தடித்து வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நோய். இதன் வித்துகள் மண்ணில் 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அமில மண்ணும் தேங்கிய ஈரமும் இதற்குப் பிடிக்கும். சுண்ணாம்பு இட்டு மண்ணின் கார அமில அளவை 7.2க்கு மேல் கொண்டுவந்தால் வேகம் குறையும், முழுதாகப் போகாது. அந்த இடத்தை மறந்துவிட்டு, கேலைத் தொட்டிக்குப் புதுமண்ணில் மாற்றுவதே நல்லது. வெளியிலிருந்து வாங்கும் நாற்றின் வேரை நடுமுன் ஒருமுறை பாருங்கள். இந்த நோய் பல தோட்டங்களுக்குள் நுழைவது அந்த வழியில்தான்.

நோய் வராமலிருக்க, கோஸ் குடும்பத்துச் செடி எதையும் ஒரே பாத்தியில் மூன்று நான்கு ஆண்டுக்குள் திரும்ப வைக்காதீர்கள். இடையில் பீன்ஸ், வெங்காயம், தக்காளி என்று மாற்றுங்கள்.

எப்போது, எப்படிப் பறிப்பது?

இலை உங்கள் கை அளவுக்கு வந்ததும் தொடங்கலாம். எப்போதும் கீழிருந்து, வெளியிலிருந்து. இலைக்காம்பைத் தண்டோடு சேரும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி ஒடித்தால் சுத்தமாக வந்துவிடும். நடுவில் இருக்கும் குருத்தை மட்டும் தொடாதீர்கள். அதுதான் செடியின் வளர்முனை, அது போனால் பக்கக் கிளை வரும்வரை பறிப்பு நின்றுவிடும். உச்சியில் குறைந்தது ஐந்து இலையாவது விட்டுவிடுங்கள், செடி உணவு தயாரிக்க அது வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒரு செடியிலிருந்து மூன்று நான்கு இலை எடுக்கலாம். பலர் ‘இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய இலையில் நார்தான் கூடும், ருசி கூடாது. காலையில், வெயில் ஏறும் முன் பறித்தால் இலை மொறுமொறுப்பாக இருக்கும். நாளாக ஆக அடித்தண்டு மொட்டையாகி, மேலே கொண்டையோடு சின்னப் பனைமரம்போல் நிற்கும். அது நோயல்ல. காற்றில் சாயாமலிருக்க ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை செடி?

வாரம் இரண்டு முறை சமைப்பதென்றால் பத்துப் பன்னிரண்டு. முதல்முறை என்றால் ஆறு போதும். ஆறு செடியின் இலைகளைத் திருப்பிப் பார்க்க முடியும், இருபதை முடியாது.

பறித்தும் கசக்கிறது. சரிசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும். நடுக்காம்பை நீக்கிவிடுங்கள். பச்சையாகச் சாப்பிட, கொஞ்சம் உப்பும் எண்ணெயும் விட்டு இரண்டு நிமிடம் கையால் பிசைந்தால் இலை துவண்டு கசப்பு தணியும். சமைப்பதானால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்த பிறகு சமையுங்கள். சுருக்கத்தில் ஒளிந்திருக்கும் அசுவினி போக, சமைக்கும் முன் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள். மிஞ்சியதைக் கழுவாமல், பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்தாறு நாள் இருக்கும்.

உடம்புக்கு உண்மையிலேயே அவ்வளவு நல்லதா? யாராவது தவிர்க்க வேண்டுமா?

நல்ல கீரை. எடைக்கு எடை ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம். பசலைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சரியாகச் சேராது. கேலில் ஆக்சலேட் குறைவு. கேலின் சுண்ணாம்புச்சத்து பாலில் உள்ளதைப் போலவே நன்றாகச் சேர்கிறது என்று 1990இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கவனம். கேலில் வைட்டமின் கே மிக அதிகம், அது மாத்திரையின் வேலைக்கு எதிராகப் போகும். அறவே ஒதுக்க வேண்டும் என்றில்லை, திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து. அளவை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

திடீரென்று பூ விட்டுவிட்டது. அவ்வளவுதானா?

கேல் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு இலை, ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு பூ. சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும் நேரம் என்று செடிக்குத் தெரியும். குளிரே இல்லாத ஊரில் பூக்காமல் ஓராண்டுக்கு மேலும் நிற்பதுண்டு. மொட்டுத் தண்டு கிளம்பியதும் இலை சிறுத்துக் கசக்கும். மொட்டைப் பூவாகும் முன் ஒடித்து ப்ராக்கோலிபோல் சமைக்கலாம், அருமையாக இருக்கும். ஒன்றிரண்டு செடியைப் பூக்கவும் விடுங்கள். நான்கு இதழ் மஞ்சள் பூவைத் தேடித் தேனீக்கள் வரும்.

அந்தப் பூவிலிருந்து விதை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஒரு செடி போதாது. சுருட்டை வகையும் லசினாட்டோவும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, குறைந்தது ஆறு செடியாவது சேர்ந்து பூக்க வேண்டும். பக்கத்தில் முட்டைக்கோஸோ ப்ராக்கோலியோ நூல்கோலோ அதே நேரத்தில் பூத்தால் தேனீ எல்லாவற்றையும் கலந்துவிடும், அடுத்த ஆண்டு முளைப்பது எது என்றே தெரியாது. சிவப்பு ரஷ்யன் வேறு இனம் என்று சொன்னேன் அல்லவா? அது பெரும்பாலும் தானே காய் பிடிக்கும், முட்டைக்கோஸோடு எளிதில் கலக்காது. வீட்டில் விதை எடுக்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது.

காய்கள் மெல்லிய நெற்றாக நீண்டு, பச்சை மாறிப் பழுப்பாகும். தொட்டால் சலசலக்கும் பருவத்தில், வெடிக்கும் முன், தண்டோடு வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பத்து நாளில் பையிலேயே உதிரும். உலர்ந்த, குளுமையான இடத்தில் வைத்தால் நான்கு ஆண்டுவரை முளைக்கும். பையின்மேல் வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். கேல், முட்டைக்கோஸ், ப்ராக்கோலி மூன்றின் விதையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.